தோலுக்கு நிறம் தரும் மீன்: சுஹைல் என்ற பெயரின் தடம்

மாசி மாதம் இருட்டிய பிறகு அணைக்கட்டில் நின்று தெற்கே பார்த்தால், ஜவ்வாது மலைப் பக்கம் வெள்ளையாக ஒரு விண்மீன் தெரியும். சீரியஸை விட்டால் இரவு வானின் விண்மீன்களில் அதுதான் பிரகாசம். நமக்கு அது அகத்தியர், அரபியில் சுஹைல். ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஒரு பையனாவது திரும்பிப் பார்ப்பான்.

ஏமன் நாட்டுச் சிவப்புத் தோலுக்கு நிறமும் மணமும் கொடுப்பது சுஹைலின் ஒளி என்பது பாரசீகக் கவிஞர்களிடம் வழக்கமான உவமை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சுஹைல் விடியலில் முதன்முதலாகத் தெரியும்போதுதான் அரேபியாவில் கோடை தணியத் தொடங்கும். வெயிலில் பச்சைத்தோல் அழுகும். நம்பிக்கை அங்கிருந்து பிறந்திருக்கலாம் என்பது என் ஊகம். அகத்தியர் உதித்தால் கலங்கிய நீர் தெளியும் என்று வராகமிகிரர் எழுதியதும் இதே ஜாதிதான்.

இன்றைய வான்படங்களில் உள்ள அரபிப் பெயர்களை ஒரே மூட்டையாகக் கட்டுவது தவறு. அல்டெபரான் பாலைவனத்தாரின் சொந்தச் சொல்: ‘பின்தொடர்வது’. எதைப் பின்தொடர்கிறது? ஸுரையாவை, அதாவது நம் கார்த்திகையை. கார்த்திகைக்கு அடுத்தது ரோகிணி. அல்டெபரானும் அதே மீன்தான். டெனெப் (வால்), ரிகெல் (கால்), ஃபோமல்ஹாட் (மீன்வாய்) ஆகியவை வேறு வகை. அலெக்சாந்திரியாவின் தாலமி கிரேக்கத்தில் எழுதிய உறுப்பு வருணனைகளை ஒட்டி அமைந்த அரபிச் சொற்கள் அவை. இந்த இரண்டு மரபையும் அருகருகே வைத்துக் காட்டியவர் வானியலாளர் அல்-சூஃபி. அவருடைய விண்மீன் நூல் 964-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பிறகு டொலேடோ நகரம். கிரெமோனா ஊர் ஜெரார்டு 1175-இல் அங்கே தாலமியின் நூலை அரபியிலிருந்து லத்தீனாக்கினார். டொலேடோ ஏறக்குறைய 40 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே சுஹைல் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. அணைக்கட்டிலோ 24 பாகை உயரம் ஏறும். பார்க்காத மீனின் பெயரையும் ஏட்டைப் பார்த்தே எழுதவேண்டிய நிலை. ஏட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் திருவாதிரை சாட்சி. ‘யத் அல்-ஜவ்ஸா’, ஜவ்ஸா என்ற வான் உருவத்தின் கை என்பது மூலம். சொல்லின் முதலில் வரும் ‘யா’வுக்குக் கீழே இரண்டு புள்ளி, ‘பா’வுக்கு ஒன்று. உருது படிக்கும் ஆம்பூர்ப் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே தெரியும் சங்கதி. லத்தீன்காரர்கள் ஒரு புள்ளியைத் தவறவிட்டார்கள். ‘யத்’ ‘பத்’ ஆகி, பெட்டல்ஜூஸ் பிறந்தது.

சர்வதேச வானியல் ஒன்றியம் 2016-இல் விண்மீன் பெயர்களை முறைப்படுத்தத் தொடங்கியது. அகத்தியருக்குக் கிரேக்கப் பெயரான கனோபஸ் உறுதியானது. சுஹைல் என்ற பெயர் வேலா மண்டலத்தின் லாம்டா மீனுக்குப் போனது. அது அகத்தியருக்குக் கிழக்கே, சற்று நேரம் கழித்து எழும், ஒளி குறைவு. நிறம் மட்டும் செம்மஞ்சள், ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் போல.