பண்டப் பொறியும் வடிவக் காப்பும்

பண்டங்களைத் தொகுதி தொகுதியாகச் செய்து தொலைநாடுகளுக்கு விடுக்கும் வாணிகம் வளர்ந்த இடங்களில் அவற்றின்மீது பொறியிடும் வழக்கமும் வளர்ந்தது. ஒன்றிரண்டு பொருள் செய்வோன் தன் கைவண்ணத்தாலேயே அறியப்படுவான். ஆயிரக்கணக்கிற் செய்வோனுக்கு அது போதாது. அவன் இடும் பொறி விரைவில் இடத்தக்கதாதல் வேண்டும். இன்றேல் தொழில் தடைப்படும். எளிதில் அழியாததாதலும் வேண்டும்; இன்றேல் இட்டதனாற் பயனில்லை. விரைவும் நிலைபேறும் ஒருங்கே வாய்த்த பொறி, தான் தங்கிய பொருளின் வடிவத்தைப் பிறர் படியெடுக்காவண்ணம் காக்க வல்லதா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

இவ்வாராய்ச்சி தமிழ் பயில்வார்க்கும் வேண்டுவதே. 'பொறி' என்னும் ஒரு சொல் நம் நூல்களில் பலவகை அடையாளங்களையும் குறித்து நிற்றலின், ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு மயங்குதற்கு இடமுண்டு. பண்டைத் துறைமுகப் பொறிகளை இக்கால வணிகக் குறிகளின் முன்னோடிகள் என்று உவகையுடன் கூறிவிடுதல் எளிது. அங்ஙனம் கூறுமுன், பொறியை இட்டவர் யார், எதன்மேல் இட்டனர், எப்பொழுது இட்டனர் என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் முறையாகும்.

நூற்சான்றும் ஓட்டுச் சான்றும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீரினின்று நிலத்தில் இறக்கியனவும் நிலத்தினின்று நீரில் ஏற்றுவனவுமாகிய பண்டங்கள் புலிப்பொறி இடப்பெற்றுப் புறம்போந்த செய்தியைப் பட்டினப்பாலையில் கூறுகின்றார். நம் மூன்று வினாக்களையும் இதன்பால் எழுப்பிப் பார்ப்போம். பொறியை இட்டவர் அரசனின் அலுவலர். இட்ட காலம், பண்டம் முற்றுப்பெற்றுத் துறையை அடைந்த பின்னர். அது சோழனது ஆணையையும் காவலையும் உணர்த்தும். பண்டத்தைச் செய்தவன் இன்னான் என்று உணர்த்தாது. எங்கிருந்து வந்த பண்டமாயினும் அதன்மேல் ஏறுவது ஒரே புலிதான். எனவே இஃது அரசன் பொறி.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் வேறொரு வகையைக் காண்கின்றோம். அங்கே புதியராய் வந்த வணிகர் தம் பெயரையும் பொதியின் அளவையும் கண்ணெழுத்தாற் பொதிகளின்மேற் பொறித்துள்ளனர். இஃது உடையவன் பொறி. பொதியைப் பிரித்தவுடன் இதன் பணி முடிந்துவிடும். உள்ளிருக்கும் பண்டத்தின் வடிவத்தோடு இதற்குத் தொடர்பில்லை.

அகழாய்வும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றது. கொடுமணல், கீழடி முதலிய இடங்களிற் கிடைத்த தமிழி எழுத்துடைய பானையோடுகளிற் பெரும்பாலானவை, கலம் சுடப்பெற்ற பின்னர்க் கூரிய கருவியாற் கீறப்பட்டவை. அவற்றில் ஆட்பெயர்கள் மிகுதியும் காணப்படுகின்றன. சுட்டபின் கீறிய பெயரைக் கலத்தை வாங்கி ஆண்டவர் பெயராகக் கொள்வதே பொருந்தும். செய்தவன் தன் பெயரை இடுவதற்கு உரிய காலம் மண் ஈரமாயிருக்கும் காலமேயன்றோ? ஆகவே பொறி இடப்பெற்ற காலமே அது யாருடையது என்பதை அறியச் சிறந்த கருவியாகும்.

அரிக்கமேட்டிற் கிடைத்த செய்தோன் பொறி

செய்தோன் பொறியைக் காணவும் நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், செந்நிறப் பளபளப்புடைய உரோமக் கலங்களின் உடைசல்கள் வெளிப்பட்டன. அவற்றுட் சில, இத்தாலியிலுள்ள அரெட்சோ நகரத்துக் குயவர்களின் பெயர் முத்திரையைத் தாங்கியிருந்தன. அவற்றுள் ஒன்று கமுரியசு என்பானது பட்டறையைச் சார்ந்தது. அரெட்சோக் கலங்கள் என்று முதலிற் கருதப்பட்டவற்றுட் சிலவற்றை, மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையிற் செய்யப்பட்டவை எனப் பிற்கால அறிஞர் வேறு பிரித்துள்ளனர். அங்ஙனம் பிரித்தறிதற்கு மண்ணின் இயல்போடு முத்திரையும் துணையாயிற்று.

இம்முத்திரை இடும் முறை எளியது. சக்கரத்தினின்று எடுத்த கலம் பாதி உலர்ந்த பதத்தில் இருக்கும்போது, அதன் உட்புற நடுவில் எழுத்து வெட்டிய அச்சினை ஒருமுறை அழுத்துவர். அழுத்துதற்கு ஒரு நொடி போதும். பின்னர்ச் சூளைத் தீ அதனை என்றும் அழியாததாக்கிவிடும். கலத்தைச் சிதைத்தாலன்றி அப்பெயரை நீக்கவியலாது. விரைவையும் நிலைபேற்றையும் தந்தது அச்சின் நுட்பம் அன்று. பொருள் இளகியிருக்கும் பதம் பார்த்துப் பொறியை இட்ட முறையே ஆகும்.

எனினும் இப்பொறி வடிவத்தைக் காத்தற்கு இடப்பட்டதன்று என்று கருதுதற்குத் தக்க சான்றுகள் உள. தென் பிரான்சிலுள்ள இலா கிராபெசங்கு என்னும் இடத்தில் இவ்வகைக் கலங்களை மிகப் பெருந்தொகையாகச் செய்தனர். ஒரு சூளையில் ஏறத்தாழ 30,000 கலங்கள் ஒருங்கே வேகும். பல குயவரின் கலங்கள் ஒரே சூளையில் ஏறியமையால், இன்னார் கலம் இத்துணை என்று தட்டுகளின்மேற் கீறிய பட்டியல்கள் அங்குக் கிடைத்துள்ளன. கலந்துவிட்ட கலங்களைச் சூளையிலிருந்து எடுக்கும்போது பகுத்தறிய முத்திரை உதவியிருக்கும். எழுத்தறியாதார் எழுத்துப் போன்ற கோடுகளை மட்டும் வெட்டிய முத்திரைகளும் உள. வாங்குவோர் படித்தறிய வேண்டும் என்பதே நோக்கமாயின் இவை தோன்றியிரா. ஆகவே கணக்கே இப்பொறியின் முதற்பயன் எனத் துணியலாம்.

பொறியையும் படியெடுத்த விளக்குகள்

பொறி மட்டுமே வடிவத்தைக் காவாது என்பதற்கு உரோமர் காலத்து விளக்குகள் சிறந்த சான்று. கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட இத்தாலியில் எளிய வடிவுடைய மண் அகல்கள் வார்ப்பில் அழுத்திச் செய்யப்பட்டன. அவற்றின் அடிப்புறத்தில் போர்ட்டிசு, சுட்ரோபிலி, கொம்யூனிசு என்பன போன்ற பெயர்கள் எடுப்பாக அமைந்திருக்கும். பெயரை வார்ப்பிலேயே வெட்டியிருந்தமையின், பொறியிடுதற்கெனத் தனியே ஒரு செயல் வேண்டாவாயிற்று. இதனினும் விரைந்த முறை இல்லை. இதனினும் நிலைத்த பொறியும் இல்லை.

அந்நிலைபேறே தீங்காகவும் முடிந்தது. பிற மாநிலத்துக் குயவர் கடையில் ஒரு விளக்கை வாங்கி, அதன்மேல் ஈரமண்ணை அப்பிப் புதிய வார்ப்பினை எடுத்தனர். விளக்கின் வடிவம் வந்தது; அடியிலிருந்த பெயரும் உடன் வந்தது. உரோமப் பேரரசின் பல பகுதிகளில் போர்ட்டிசு என்னும் பெயருடைய விளக்குகள் கிடைத்தற்கு இது பெருங்காரணம். உலருங்காலும் வேகுங்காலும் மண் சுருங்குதலின், படியின் படியாக வந்த விளக்குகள் படிப்படியே சிறுத்துப் பெயரும் மழுங்கியுள்ளன. இன்றைய ஆய்வாளர் இச்சுருக்கத்தை அளந்தே மூலத்தையும் படியையும் வேறு பிரிக்கின்றனர். அக்காலத்து வாங்குவோனுக்கோ அவ்வளவுகோல் இல்லை. போர்ட்டிசுக்குச் சென்று முறையிட ஒரு மன்றமும் இருந்ததாகத் தெரியவில்லை. பொருளோடு ஒன்றிய பொறி பொருளோடு களவும் போகும் என்பது இதனாற் பெறப்படும்.

சட்டம் புகுந்த காலம்

வடிவத்தைக் காக்கும் பொருட்டே பொறியிடும் முறையை இங்கிலாந்தின் அச்சுத்துணித் தொழிலிற் காண்கின்றோம். புதிய பூவேலை ஒன்று இலண்டன் கடைகளில் விலைபோகத் தொடங்கியவுடன், பிற பட்டறையார் அதனைப் படியெடுத்து மலிவாக விற்றனர். இதனால் இழப்புற்றோர் சார்பில் முன்னின்றவர் வில்லியம் கில்பர்ன் என்னும் துணியச்சு ஓவியர். அவர்தம் முறையீட்டின் பயனாக 1787-இல் ஒரு சட்டம் பிறந்தது. புதிய கோலத்துக்கு அது தந்த தனியுரிமை 2 திங்கள் மட்டுமே. 1794-இல் அது 3 திங்களாயிற்று. உரிமை பெற விரும்புவோன் தன் பெயரையும் வெளியிட்ட நாளையும் ஒவ்வொரு துணிக்கட்டின் இரு முனைகளிலும் அச்சிடல் வேண்டும் என்பது விதி.

துணியோடு துணியாக ஓடும் அச்சில் இரு முனைகளிலும் பெயர் இடுதல் விரைவில் முடியும். ஆனால் சில்லறைக் கடையில் துணி வெட்டுண்டவுடன் நடுப்பகுதி பொறியற்றதாகும். தைத்த ஆடையில் அது காணப்படாது. எனவே இப்பொறி வணிகரிடையே கட்டுக்கட்டாகக் கைமாறும் நிலையில் மட்டுமே பேசவல்லது. பொறியின் வாழ்நாள் குறுகியதாயினும் உரிமையின் வாழ்நாளும் குறுகியதாதலின், ஒன்று மற்றொன்றுக்கு ஓரளவு பொருந்தியிருந்தது.

1842-ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் ஒருபடி முன்சென்றது. அது பண்டங்களை உலோகம், மரம், கண்ணாடி, மட்கலம் முதலிய 13 வகுப்புகளாகப் பிரித்தது. வடிவத்தின் ஓவியத்தையோ மாதிரியையோ அரசு அலுவலகத்தில் ஒப்படைத்துப் பதிவு செய்தோர்க்கு வைர வடிவப் பொறியொன்று அளிக்கப்பட்டது. அதன் உச்சி வட்டத்தில் வகுப்பெண்ணும், மூலைகளில் பதிவாண்டு, திங்கள், நாள், கட்டு ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அமைந்தன. மட்கலத்துக்கு 3 ஆண்டும், அச்சிட்ட துணிக்கு 9 திங்களும் காப்பு உண்டு. விற்பனைக்கு விடும் ஒவ்வொரு பொருளிலும் பொறி இருத்தல் வேண்டும். இன்றேல் உரிமை நில்லாது. ஆகவே கலஞ்செய்வோர் ஈரமண்ணில் அழுத்தியோ வார்ப்பில் வெட்டியோ மெருகின்கீழ் அச்சிட்டோ இதனை அமைத்தனர். அரெட்சோக் குயவன் கண்ட பதமே இங்கும் பயன்பட்டது. 1883-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின், 1884 முதல் வைரப்பொறி நீங்கித் தொடர் எண் வழக்கிற்கு வந்தது.

இப்பொறியைப் போர்ட்டிசின் பெயரோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வைரப்பொறியையும் ஒருவன் வார்ப்பெடுத்துப் படியெடுத்தல் கூடும். ஆயின் அது தானே சான்றாவதில்லை. வேறோரிடத்திலுள்ள சான்றினைச் சுட்டுகின்றது. இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்பதிவேடுகளை இன்றும் காணலாம். பூட்டு பதிவேட்டில் உள்ளது; பொருளின்மேல் இருப்பது திறவுகோல் மட்டுமே.

பொறியற்ற துணிகள்

இங்கிலாந்தின் தொழிலாளர் இக்காப்பினைப் பெற்றிருந்த காலத்திலேயே, 1866-இல், இலண்டனில் இந்தியப் பண்டங்களின் ஆய்வலராயிருந்த ஜான் போர்ப்சு வாட்சன் இந்தியத் துணி மாதிரிகளைத் தொகுத்து வெளியிட்டார். உண்மைத் துணிகளை வெட்டி ஒட்டிய 700 மாதிரிகள், 18 தொகுதிகளில், 20 படிகளாக அமைந்தன; அவற்றுள் 13 படிகள் பிரித்தானியத் தீவுகளிலும் 7 படிகள் இந்தியாவிலும் வைக்கப்பெற்றன. சென்னை மாகாணத்து நெசவும் அவற்றில் இடம்பெற்றது. இந்தியர் விரும்பும் துணி எத்தகையது என்பதை ஆங்கில ஆலையார் கண்டறிந்து அவ்வாறே நெய்தற்கு உதவுதல் அதன் வெளிப்படையான நோக்கம். துணியின் வகை, இடம், நீளம், அகலம், நிறை முதலியன ஆங்குக் குறிக்கப்பட்டன. நெய்தவனுக்கு வடிவ உரிமை கூறும் குறி எதுவும் இல்லை. ஒரே அரசின்கீழ் ஒருவன் கோலம் வைரப்பொறியுடன் காக்கப்பட்டது. மற்றொருவன் கோலம் மாதிரிப் புத்தகமாயிற்று. இந்தியாவில் வடிவக் காப்புக்கெனத் தனிச் சட்டம் 1872-இல்தான் வந்தது.

இவ்வளவும் கூறியதனால் மூன்று முடிபுகள் பெறப்படும். விரைவும் நிலைபேறும் பொருளை ஆக்கும்போதே பொறியிடுவதனால் வருவன. பொறி இடப்பெற்ற காலமும் இடமும் அது யாருடைய நலனுக்கென்று காட்டும். வடிவத்தைக் காப்பது பொறி அன்று. அதன் பின்னிற்கும் பதிவும் மன்றமுமே. 2000-ஆம் ஆண்டின் இந்திய வடிவமைப்புச் சட்டமும் பதிவு பெற்ற பொருளின்மேல் அடையாளம் இடுமாறு கூறுகின்றது. 1999-இல் இயற்றப்பெற்று 2003 முதல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டமோ, தனி ஒருவனுக்கின்றி ஊரார்க்குப் பொதுவான தொழில்மரபுக்குக் காப்பளிக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்துப் புலியை வடிவக் காப்புப் பொறி என்று உயர்த்திக் கூறுதலால் அதற்குப் பெருமை சேர்வதில்லை. சோழன் தன் துறையில் நிலைநாட்டிய ஒழுங்கின் சான்றாக அதனை உள்ளவாறே உணர்தலே அதற்குரிய சிறப்பாம். நெசவாளன் கோலத்துக்கு அத்தகைய காவல் வாய்க்க மேலும் பல நூற்றாண்டுகள் சென்றன என்பதையும் உடன் வைத்து எண்ணுதல் வரலாறு பயில்வார் கடனாகும்.