நீலி ஏன் அழுதாள்?

பொய்யாக அழுபவளை ‘நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்’ என்கிறோம். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகமே அவளை வஞ்சகம் செய்தவளாகத்தான் குறிக்கிறது. அவள் ஏன் அழுதாள் என்பதை நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டு சொல்கிறது.

நம்பிப் பின்னால் வந்த தேவதாசிப் பெண்ணைக் காட்டில் கல்லைப் போட்டுக் கொன்று நகைகளை எடுத்துக்கொள்கிறான் ஒருவன். பார்த்த சாட்சி கள்ளிச்செடி மட்டுமே. மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் தன் கணவன் என்று சொல்லி ஊர்ச்சபை முன் அழுகிறாள். எழுபது பேர் கொண்ட சபை நம்புகிறது. அன்றிரவு அவன் சாகிறான்.

மாயக்கதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கதை பேய்க்கும் எல்லை வைக்கிறது. மந்திரக் கத்தி அவன் கையில் இருக்கும்வரை நீலியால் நெருங்க முடியாது. அதை வாங்கி வைக்கச் சபையால்தான் முடியும். தாசியின் குரலுக்குக் கிடைக்காத காது, கைக்குழந்தையோடு வந்த ‘மனைவி’க்குக் கிடைக்கிறது. சாட்சியாக நின்ற கள்ளியே பிள்ளையாகி அவளுக்கு வழக்கை வென்று தருகிறது.

சமணர்கள் நீலகேசிக் காப்பியத்தில் நீலியைத் தர்க்கம் பேசும் பெண்ணாக்கினார்கள். நாஞ்சில் நாடு இசக்கியம்மனாக்கியது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் அவளிடம் பெண்கள் இன்றும் பிள்ளைவரம் கேட்கிறார்கள். நம் பேச்சுவழக்கு மட்டும் அவள் கண்ணீரைச் சந்தேகிக்கிறது. அந்தக் கல்லைப் பற்றிக் கேட்பதில்லை.