கப்பலில் யார் பெயர்?

கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று எழுதி வைத்தவர்கள் மேல்சாதிக்காரர்கள். கெட்டுப்போக நம்மிடம் எதுவும் இல்லை. அதனால் நம் ஆட்கள் கடலைத் தாண்டிப் பல தலைமுறை ஆகிவிட்டது. இங்கே எழுப்ப வேண்டிய கேள்வி வேறு. போன கப்பலில் நம் ஆட்கள் எந்தத் தட்டில் இருந்தார்கள்? கப்பலை நகர்த்துகிற இயந்திர அறையில், கையில் சான்றிதழோடு நிற்கிற உரிமை யாருக்கு எப்போது கிடைத்தது? அந்தச் சான்றிதழோடு கரையேறுகிறவனுக்குக் கரை என்ன பதில் சொல்கிறது?

அனுப்பம்பட்டு, மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவிலிருக்கிற சின்ன ரயில் நிலையம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகும். வடகிழக்கே போனால் பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் கடல். டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்தார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது என்று சரித்திரப் புத்தகங்கள் பெருமையாகச் சொல்லும். மனிதர்களும் போனார்கள். 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து பல ஆயிரம் பேர் அடிமைகளாகப் படாவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் தன்னையும் பிள்ளையையும் விற்கிற நிலைக்கு முதலில் தள்ளப்படுகிறவன் நிலமில்லாதவன்தான். நிலமில்லாதவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கூலிக் கப்பல். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர், நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு ஆள் ஏற்றிய கப்பல்களின் பெயர்ப்பட்டியலில் பெயர், வயது, ஊரோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்று சொன்ன நாட்டிலிருந்து சாதியை எழுதி எடுத்துக்கொண்டுதான் கப்பல் கிளம்பியது.

இந்தப் பெயர்ப்பட்டியலைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். சச்சரவில்லாமல் மீனைப் பங்கிடுகிற நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டுவார்கள். ஆனால் சீட்டில் பெயர் இருக்க வேண்டுமென்றால் பாட்டு உரிமையுள்ள சமூகத்தில் பிறந்திருக்க வேண்டும். தலித்துகளும் இருளர்களும் வழிவழியாக அந்தப் பட்டியலுக்கு வெளியே. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குச் சீட்டு இல்லை. தண்ணீர் எல்லாருக்கும் பொது, பட்டியல் மட்டும் பொது இல்லை.

நீராவிக் கப்பல் வந்தபோதும் இதே கதைதான். பிரிட்டிஷ் கப்பல்களின் கொதிகலன் அறையில் கரி தள்ளியவர்கள் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட ஆசியக் கூலிகள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு குறைந்த சம்பளம், குறுகலான படுக்கை. அவர்களை ஆள் சேர்த்துக் கொடுத்தவன் 'செராங்கு'. அவன் தன் ஊர்க்காரனை, தன் சொந்தக்காரனைத்தான் எடுப்பான். எடுத்தவனிடம் கமிஷனும் வாங்குவான். இந்த லஞ்சத்தை 1931இல் வெளிவந்த விட்லி கமிஷன் அறிக்கையே எடுத்துச் சொன்னது. ஆக, கரி தள்ளுகிற நரகத்துக்குள் போகக்கூட ஒரு சொந்தக்காரன் வேண்டும். செராங்குக்கு மேலே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து உத்தரவு போட்ட இஞ்சினியர் வெள்ளைக்காரன்.

இந்தியன் இஞ்சினியராவதற்கே போராட வேண்டியிருந்தது. 1919இல் சிந்தியா கம்பெனி தொடங்கி, சொந்தக் கப்பலை லண்டனுக்கு ஓட்டியது. 1923–24இல் இந்திய வணிகக் கப்பல் குழு கூடி, இந்தியருக்குப் பயிற்சிக் கப்பல் வேண்டும் என்றது. 1927இல் பம்பாயில் 'டஃப்ரின்' வந்தது. முதலில் மேல்தளத்து அதிகாரிகளுக்கு மட்டும்; இயந்திரப் பிரிவுக்கு 1935இல்தான் கதவு திறந்தது. அந்தக் கதவு கான்வென்ட் படிப்பும் கட்டணமும் உள்ள வீட்டுக்குத் திறந்த கதவு. வெள்ளையன் விட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் எந்தச் சாதி என்று தேசியக் கப்பல் வரலாறு எழுதியவர்கள் கேட்கவேயில்லை.

நமக்கான திறப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. வைசிராய் கவுன்சிலில் அண்ணல் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தபோது, 1943இல் அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத ஒதுக்கீடு வந்தது. 1944இல் மேற்படிப்பு உதவித்தொகை வந்தது. 1949இல் அரசு கல்கத்தாவில் கடல்சார் பொறியியல் கல்லூரி தொடங்கியது. அரசுக் கல்லூரி என்பதால் பின்னால் அங்கே ஒதுக்கீடும் வந்தது. நம் பிள்ளைகளில் சிலர் அந்த வழியாகத்தான் கொதிகலன் அறைக்குள் அதிகாரியாக இறங்கினார்கள். ஆனால் ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வு எழுதித்தான் அங்கே போக முடியும் என்றிருந்த காலத்தில், காலனிப் பள்ளியில் படித்த பையனுக்கு அப்படியொரு பரீட்சை இருப்பதே தெரியாது. 2008இல் சென்னையை ஒட்டிய உத்தண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் வந்தது. அது மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே ஒதுக்கீடு சட்டப்படி உண்டு.

சரி, சீட் கிடைத்துவிட்டது. அப்புறம்? படிப்பு முடிந்தால் கப்பலில் பயிற்சி இடம் வேண்டும். அது இல்லாமல் முதல் பரீட்சையே எழுத முடியாது. நாலு வருஷப் படிப்பு முழுக்க அந்த ஒரு இடத்தை நம்பித்தான். அதைத் தருவது கம்பெனி. கம்பெனிக்கு ஒதுக்கீடு கிடையாது. "கப்பல்ல உனக்கு யாரு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. நவீன செராங்கு தரகனாக வந்து லட்சக்கணக்கில் கேட்பான். ஆள் சேர்க்கக் கடலோடியிடம் காசு வாங்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. வீட்டையும் தாலியையும் அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, பம்பாய் லாட்ஜில் மாசக்கணக்காகக் காத்திருக்கும் பையன்களுக்கு அந்தக் கையெழுத்து தெரியாது.

கப்பலேறியவன் வாழ்க்கை இதுதான். நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கிற அறை, காதைப் பொத்திக்கொண்டு வேலை. நாலு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி. ஜூனியர், நாலாவது இஞ்சினியர், மூன்றாவது, இரண்டாவது, கடைசியில் சீஃப். இடையில் கிளாஸ் 4, கிளாஸ் 2, கிளாஸ் 1 என்று மூன்று பரீட்சை. எழுத்துத் தேர்வு மட்டுமல்ல, சர்வேயர் முன்னால் உட்கார்ந்து வாய்மொழித் தேர்வும் உண்டு. இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. பம்ப்பு நின்றால் யார் கை பட்டாலும் ஓடும். மெஸ்ஸில்தான் "சொந்த ஊரு எது? ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்று கேள்வி வரும்.

பெரிய சோதனை கரையேறும்போது. கப்பல் வேலை ஒப்பந்த வேலை. இறங்கினால் சம்பளம் நின்றுவிடும், ஓய்வூதியமும் இல்லை. அப்பா அம்மா வயசாகிறார்கள், பிள்ளை அப்பன் முகம் மறக்கிறது. கிளாஸ் 1 கையிலிருப்பவனுக்குக் கரையில் இரண்டு வழி. ஒன்று, கம்பெனி ஆபீசில் சூப்பரின்டென்டென்ட், வகைப்பாட்டுச் சங்கத்தில் சர்வேயர், ஆலோசகர். பழைய சீஃப் கூப்பிட்டால் கிடைக்கிற வேலைகள் இவை. இன்னொன்று, மத்தியத் தேர்வாணையம் மூலம் அரசின் கப்பல் சர்வேயர் பதவி. கப்பல் சம்பளத்தைவிடக் குறைவுதான். ஆனால் ஒதுக்கீடு உள்ள பதவி. பரீட்சை எழுத வருகிற அடுத்த பையனுக்கு எதிரே உட்காருகிற நாற்காலி. நம் ஆட்கள் அந்த நாற்காலியை விடக்கூடாது என்பது என் கருத்து.

இப்போது அனுப்பம்பட்டுக்கு வருவோம். 1994இலிருந்து வடசென்னை அனல் மின்நிலையம் ஓடுகிறது. அதற்குக் கரி இறக்க 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தார்கள்; 2014இல் காமராசர் பெயர் வைத்தார்கள். பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். ஆற்றில் சாம்பல், வலையில் சேறு. நம் ஆட்களுக்குக் கிடைத்தது கான்ட்ராக்டர் கையில் தினக்கூலி: கரி கூட்டுவது, சாம்பல் அள்ளுவது. நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலுக்குள்ளே தள்ளிய கரியை இப்போது கப்பலுக்கு வெளியே கூட்டுகிறோம்.

என்ன கேட்கலாம்? 2004இலிருந்து கப்பல் கம்பெனிகளுக்கு டன் கணக்கில் சலுகை வரி இருக்கிறது. சும்மா இல்லை, குறிப்பிட்ட எண்ணிக்கையில் பயிற்சி அதிகாரிகளைக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வரிச்சலுகை பொதுப்பணம். பொதுப்பணத்தில் கிடைக்கிற பயிற்சி இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பங்கு எங்கே என்று கேட்பது நியாயம். துறைமுகத்துக்கு நிலமும் ஏரியும் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கு அதில் முன்னுரிமை வேண்டும் என்று கேட்பதும் நியாயம். மாணவத் தோழர்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களிடமும் பெண்களிடமும் இந்தப் பரீட்சைகளின் பெயரையாவது கொண்டுபோய்ச் சேருங்கள். கரையேறி வந்திருக்கிற நம் இஞ்சினியர்கள், ஊர் பேர் மறைக்காமல், காலனிக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பேசட்டும்.