குவளைக்குள் சூரியனா?

1989ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பத்திரிகையாளர் கூட்டம் ஒன்று நடந்தது. கையில் பிடிக்கத்தக்க கண்ணாடிக் கலம் ஒன்றை இரு வேதியியலறிஞர்கள் உலகுக்குக் காட்டினார்கள். கலத்தினுள் கன நீர். அதில் அமிழ்ந்த பல்லேடியக் கம்பி ஒன்று. சுற்றிலும் பிளாட்டினக் கம்பி. மின்னோட்டத்தைச் செலுத்தினால் இக்கலத்தில் அணுக்கரு இணைவு நிகழ்கிறது, செலுத்திய ஆற்றலைவிட மிகுதியான ஆற்றல் வெப்பமாக வெளிவருகிறது என்றார்கள். ஒருவர் மார்ட்டின் ஃபிளெய்ஷ்மன். இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி உறுப்பினர், மின்வேதியியலில் பெரும்பெயர் பெற்றவர். மற்றவர் ஸ்டான்லி பான்ஸ். அப்பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைத் தலைவர்.

மறுநாளே அலாஸ்காக் கடலில் எக்சான் வால்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிப் பெருமளவு எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய் வேண்டாம், நிலக்கரி வேண்டாம், கடல்நீரிலுள்ள டியூட்டீரியமே போதும் என்ற செய்தி அந்த வாரத்தில் எத்தனை இனிமையாக ஒலித்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

குளிர் இணைவு என்று பெயர் பெற்ற இக்கதையை முட்டாள்களின் கதை என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். பல்லேடியம் உண்மையிலேயே வியப்பான உலோகம். தன் பருமனைப்போல் ஏறத்தாழ 900 மடங்கு பருமனுள்ள ஹைட்ரஜன் வாயுவைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்ளும். 1860களில் தாமஸ் கிரகாம் இதைக் கண்டறிந்தார். அவ்வளவு வாயுவை ஓர் உலோகம் நெருக்கி அடக்கினால், உள்ளே அணுக்கருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாதா என்ற எண்ணம் பலருக்குத் தோன்றியது இயல்பே. 1926இல் பெர்லினில் பனெத், பீட்டர்ஸ் என்னும் இருவர், பல்லேடியத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறியதைக் கண்டதாக எழுதினர். பின்னர், அந்த ஹீலியம் கண்ணாடியிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்ததே என்று உணர்ந்து தாமாகவே அக்கூற்றைக் கைவிட்டனர். 1927இல் சுவீடனின் டாண்ட்பெர்க் இதே கருத்துக்குக் காப்புரிமை கேட்டார், கிடைக்கவில்லை.

எனவே கேள்வி பழையது, நியாயமானதுங்கூட. விடையை அறிவித்த முறையில்தான் கோளாறு.

அதே யூட்டா மாநிலத்தில், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், ஸ்டீவன் ஜோன்ஸ் என்னும் இயற்பியலறிஞரும் இதையொத்த ஆய்வில் ஈடுபட்டிருந்தார். மிகச் சில நியூட்ரான்கள் தென்படுகின்றன என்பதற்குமேல் அவர் எதையும் கூறவில்லை. வெப்பத்தைப் பற்றி அவருக்குப் பேச்சே இல்லை. இரு சாராரும் தத்தம் கட்டுரைகளை மார்ச் 24 அன்று ஒரே நேரத்தில் 'நேச்சர்' இதழுக்கு அனுப்புவது என்று உடன்பாடு. ஆனால் காப்புரிமை யாருக்கு, முதலிடம் யாருக்கு என்ற கவலை குறுக்கே வந்தது. யூட்டா பல்கலைக்கழகம் ஒரு நாள் முந்திக்கொண்டு பத்திரிகையாளரை அழைத்துவிட்டது. ஆய்வுக் கட்டுரை அச்சில் வெளிவரும் முன்பே செய்தி உலகைச் சுற்றிவிட்டது. ஆய்வை மீண்டும் செய்து பார்க்க விரும்பிய விஞ்ஞானிகள், தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்துக் கலத்தின் அளவை ஊகிக்க வேண்டியதாயிற்று!

இனி ஒரு சிறு கணக்கு. இதை நான் கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுப்பதுண்டு. நீங்களும் தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு டியூட்டீரிய அணுக்கருக்கள் இணையும்போது, ஏறத்தாழப் பாதித் தடவை ஹீலியம்-3உம் ஒரு நியூட்ரானும் கிடைக்கும். மறுபாதியில் டிரிட்டியமும் ஒரு புரோட்டானும் கிடைக்கும். சராசரியாக ஓர் இணைவில் வெளிப்படும் ஆற்றல் 3.65 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். ஒரு ஜூல் என்பது 6.24 × 10¹² மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். ஆகவே ஒரு வாட் திறன் கிடைக்க, நொடிக்கு 1.7 × 10¹² இணைவுகள் நிகழவேண்டும். அவற்றில் பாதியில் நியூட்ரான் வரும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி நியூட்ரான்கள்! பான்சும் ஃபிளெய்ஷ்மனும் தம் கட்டுரையில் கூறிய நியூட்ரான்களோ நொடிக்குச் சில பத்தாயிரமே. வெப்பம் வாட் கணக்கில் என்கிறார்கள். நியூட்ரானோ இருக்கவேண்டியதில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர்கள் சொன்ன வெப்பம் முழுவதும் இணைவினால் வந்திருந்தால், கலத்தின் அருகில் நின்று குறிப்பெடுத்தவர்கள் கதிர்வீச்சினால் உயிரிழந்திருப்பார்கள். பத்திரிகையாளர் கூட்டத்தில் அனைவரும் நலமாகவே நின்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. பல்லேடியத்தினுள் டியூட்டீரிய அணுக்கள் நெருக்கப்படுகின்றன என்று சொன்னேன் அல்லவா? அளந்து பார்த்தால், உலோகத்தினுள் அடுத்தடுத்து அமரும் இரு டியூட்டீரிய அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு, சாதாரண டியூட்டீரிய வாயுவின் மூலக்கூறில் உள்ளதைவிட அதிகம். வாயுவிலேயே நிகழாதது இங்கு எப்படி நிகழும்?

அப்படியானால் வெப்பம் எங்கிருந்து வந்தது? மின்பகுப்புக் கலத்தில் வெப்பத்தை அளப்பது எளிதன்று. செலுத்தும் ஆற்றலில் ஒரு பகுதி நீரைப் பிரிக்கச் செலவாகிறது. பிரிந்த வாயுக்கள் வெளியேறிவிட்டால் அப்பகுதியைக் கழித்துக் கணக்கிடலாம். ஆனால் கலத்தினுள்ளேயே அவை மீண்டும் சேர்ந்தால், கழித்த வெப்பம் திரும்ப வந்து 'உபரி' போலத் தோன்றும். திரவத்தை நன்கு கலக்காவிட்டால் வெப்பமானி இருக்கும் இடத்தைப் பொறுத்து அளவு மாறும். கால்டெக்கில் நேதன் லூயிஸ் குழுவினர் இவற்றையெல்லாம் பொறுமையாகச் சரிபார்த்தபோது உபரி வெப்பம் காணாமற் போயிற்று. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்திலும் அதே முடிவு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பெட்ராசோ குழுவினர், தொலைக்காட்சியில் காட்டப்பட்ட காமாக் கதிர் வரைபடத்தையே எடுத்து ஆராய்ந்தனர். நியூட்ரானை நீரிலுள்ள ஹைட்ரஜன் கவரும்போது 2.22 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகடு எழும். அத்துடன் காம்ப்டன் விளிம்பும் தென்படவேண்டும். அவ்விளிம்பு அங்கே இல்லை!

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் ஏப்ரல் 10 அன்று தாங்களும் நியூட்ரான்களைக் கண்டதாக அறிவித்தனர். தம் நியூட்ரான் கருவி சூட்டுக்கே எண்ணிக்கை காட்டுகிறது என்பதைக் கண்டதும், மூன்றே நாளில் அதைத் திரும்பப் பெற்றனர். இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இவர்களே.

இதற்கிடையில் யூட்டா சட்டமன்றம் 50 இலட்சம் டாலர் ஒதுக்கியது. அமெரிக்கக் காங்கிரசிடம் மேலும் இரண்டரைக் கோடி டாலர் கேட்கப்பட்டது. மே 1 அன்று பால்டிமோரில் கூடிய இயற்பியலறிஞர்கள் கூற்றைக் கடுமையாக மறுத்தனர். நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு, நம்பத்தக்க சான்று இல்லை என்று அறிக்கை தந்தது. குளிர் இணைவுக்கென்று திறக்கப்பட்ட தேசிய நிலையம் 1991இல் மூடப்பட்டது.

நம் நாட்டிலும் எதிரொலி கேட்டது. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் பி.கே. அய்யங்கார், எம். சீனிவாசன் முதலியோர் டிரிட்டியத்தையும் நியூட்ரான்களையும் கண்டதாக 1989 டிசம்பரில் ஓர் அறிக்கைத் தொகுப்பே வெளியிட்டனர். கன நீரும் அளவுகருவிகளும் கைவசம் இருந்த நிலையம் அது. சோதித்துப் பார்த்தது சரியே. ஆனால் வேண்டும்போதெல்லாம் அதே விளைவை வரவழைக்க யாராலும் இயலவில்லை. 2019இல் கூகுள் நிறுவனத்தின் பொருளுதவியோடு பல ஆய்வகங்கள் சேர்ந்து மீண்டும் முயன்று, 'நேச்சர்' இதழில் முடிவைத் தந்தன: சான்று இல்லை.

விஞ்ஞானிகள் புதுமைக்குப் பகைவர்கள் என்று யாரேனும் சொன்னால், 1986ஐ நினைவூட்டுங்கள். பெட்னார்ஸ், முல்லர் இருவரும் மட்பாண்டம் போன்ற ஒரு பொருளில் மீக்கடத்தல் நிகழ்வதாக எழுதினர். அதுவும் நம்புதற்கரிய கூற்றுத்தான். கட்டுரைத் தலைப்பிலேயே 'இருக்கக்கூடும்' என்று அடக்கமாகக் குறித்திருந்தனர். சில மாதங்களில் டோக்கியோவிலும் ஹூஸ்டனிலும் அதே விளைவு கிடைத்தது. 1987இலேயே நோபல் பரிசும் வந்துவிட்டது.

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்னும் பொருளைப் பற்றிய செய்தி வந்தது. அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்றனர். பங்குச் சந்தையில் தொடர்புடைய நிறுவனங்களின் விலை ஏறியது. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்தன. மீக்கடத்தல் இல்லை, மின்தடை திடீரென வீழ்ந்ததற்கு அதில் கலந்திருந்த தாமிர சல்பைடே காரணம் என்று சில வாரங்களில் தெரிந்தது. இம்முறை செய்முறை முதலிலேயே வெளியாகியிருந்ததால் தீர்ப்பும் விரைவில் கிடைத்தது. 1989ஐவிட இது முன்னேற்றமே.

உண்மையான இணைவுச் செய்தியிலும் எண்களைக் கேட்டுப் பெறவேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில், 2.05 மெகாஜூல் லேசர் ஒளி இலக்கில் பட்டு 3.15 மெகாஜூல் இணைவாற்றல் வெளிவந்தது. பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். ஆய்வகத்தார் இதை மறைக்கவில்லை. தலைப்புகளில்தான் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஹீலியான் என்னும் நிறுவனம், 2028 முதல் இணைவு மின்சாரம் தருவதாக மைக்ரோசாப்டுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. குறித்த அளவு 50 மெகாவாட். அதை அளக்க நியூட்ரான் கருவி வேண்டாம். வீட்டு வாசலில் இருப்பது போன்ற மின்மானி போதும்.