சிறுநீர்ப் புறவழிக் குறுக்கம்: அறுவை சிகிச்சை

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய் சிறுநீர்ப் புறவழி. வெட்டை நோய், அடிபடுதல், வடிகுழாய் உரசல் போன்றவற்றால் அங்கே தழும்பு விழுந்து இறுகினால் வழி குறுகும். பெரும்பாலும் ஆண்களுக்கே வரும் இந்நோயில் முக்கி முக்கிப் போனாலும் சிறுநீர் நூலாகத்தான் இறங்கும்.

இருமுனையும் திறந்த குழாயில் நெய் தடவிச் செருகி, மூன்று நாளுக்கொரு முறை இன்னும் பருத்த குழாய்க்கு மாறும் முறை சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. அது இந்நோய்க்கானதா, முன்தோல் இறுக்கத்துக்கானதா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பொம்பெய் இடிபாடுகளில் வெண்கல வடிகுழாய்கள் கிடைத்துள்ளன. பின்வந்த நூற்றாண்டுகளில் மெழுகுத் திரியும் உலோகக் கம்பியும் காரமருந்தும் மாறி மாறிப் பயன்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கத்தி முன்னுக்கு வந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் 1840களில், பள்ளம் பதித்த கம்பியைப் புறவழிக்குள் செலுத்தி, விரைப்பைக்குப் பின்னாலிருந்து தோலைக் கீறிக் குறுக்கத்தைத் திறந்தார். சிறுநீர் சொட்டாகவேனும் வெளிவரும் வழியில் பொறுமையிருந்தால் கருவியும் உள்ளே போகும் என்பது அவர் வாதம். லண்டனில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஈதர் மயக்கமருந்து பகிரங்கமாக அறிமுகமானதே 1846-இல்தான் என்பதை எண்ணும்போது, அதற்கு முன் அந்த மேசையில் படுத்தவர்களின் துணிச்சல் மலைக்க வைக்கிறது.

பாரீஸில் மெசொன்னவ் 1850களில் அமைத்த கருவி நுட்பமானது. முதலில் இழை போன்ற மெல்லிய திரி குறுக்கத்தைத் தாண்டிப் போகும். அதன் முனையில் பள்ளமுள்ள கம்பி திருகப்படும். அந்தப் பள்ளத்தில் முக்கோணக் கத்தி வழுக்கிச் செல்லும். கத்தியின் உச்சி மழுங்கலாக இருப்பதால் விரிந்த இடத்தில் வெட்டாது. இறுக்கிப் பிடிக்கும் இடத்தில் மட்டுமே அறுக்கும். அதே நகரின் மருத்துவக் கருவி தயாரிப்பாளர் ஷாரியேர் வகுத்த அளவுமுறையில் ஓர் எண்ணுக்கு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு விட்டம்; 18 எண் என்றால் 6 மி.மீ. இன்றும் வடிகுழாய் உறையில் அச்சாகும் எண் அவருடையதே. நியூயார்க்கில் ஓட்டிஸ், ஆண்குறியின் சுற்றளவுக்கேற்பப் புறவழியின் அகலம் அமையும் என்று கணக்கிட்டுத் தாராளமாக வெட்டினார். தேவைக்கு மேல் வெட்டுகிறார் என்று சக மருத்துவர்கள் குறைகூறினர்.

வெட்டிய இடம் மீண்டும் தழும்பானது. குறுகிய பகுதியையே அகற்றும் முறையை ஹாமில்டன் ரசல் 1914-இல் வெளியிட்டார். சுவீடனின் யோஹான்சன் 1953-இல் இரண்டு கட்டச் சீரமைப்பை விவரித்தார். விரைப்பைத் தோலால் அமைத்த புறவழிக்குள் முடி முளைத்து, அதைச் சுற்றிக் கல் படிந்த துயரமும் உண்டு. 1970களில் சாக்ஸே, உள்நோக்கி வழியே பார்த்தபடி வெட்டும் முறையைப் பரவலாக்கினார்.

பிறகு சீரமைப்புக்குக் கன்னத்தின் உட்சவ்வு வந்தது. முடியற்றது, ஈரத்துக்குப் பழகியது, எடுத்த இடத்துப் புண்ணும் விரைவில் ஆறும். 1890களில் சபேஷ்கோவும் 1941-இல் ஹம்பியும் முயன்ற இம்முறை, 1990களில்தான் வேரூன்றியது. 1996-இல் இத்தாலியின் பார்பாக்லி புறவழியின் மேற்புறத்தில் ஒட்டுத் திசுவைப் பதித்தார். 2001-இல் ஆக்ராவின் அசோபா, கீழ்ப்புறமாகத் திறந்து உள்ளேயே பதிக்கும் வழியை வெளியிட்டார். நீண்ட குறுக்கங்களுக்கான புணேயின் குல்கர்னி முறையும் உலகெங்கும் கையாளப்படுகிறது.

மீண்டும் குறுக்கம் வந்தவர்களுக்கு உள்வெட்டா, சீரமைப்பா என்ற விவாதம் தொடர்கிறது. மருந்து பூசிய பலூனால் விரிக்கும் முறைக்கு அமெரிக்கா 2021-இல் ஒப்புதல் அளித்தது.