வாயில்லாப் பிள்ளையின் வியாபாரம்

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் ஊர் சித்தாந்தம். பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதிலிருந்து வேலைக்கான இன்டர்வியூ வரை எல்லா இடத்திலும் செல்லுபடியாகும். வியாபாரம் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நாலு பேரிடம் பேசத் தெரியாதவன், பேரம் என்றாலே வியர்த்துப்போகிறவன், எதையும் நாற்பது தடவை கணக்குப் போட்டுப் பார்க்கிறவன். இப்படி ஒரு பையன் 'நான் சொந்தமாகத் தொழில் ஆரம்பிக்கப் போகிறேன்' என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? 'உனக்கு எதற்குப்பா இந்த வம்பு? பேசாமல் பேங்க் பரீட்சை எழுது.'

நான் பி.காம். படித்த காலத்தில் தொழில் முனைவோருக்கு இருக்கவேண்டிய குணங்கள் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். துணிச்சல், பேச்சுத்திறமை, மனிதர்களைச் சமாளிக்கும் சாமர்த்தியம் என்று நீளும். அதில் பாதிகூடத் தேறாத ஒரு மனிதரை இந்த வாரம் பார்க்கலாம். பெயர் சொன்னால், 'அட, இவரா?' என்பீர்கள்.

ஜேம்ஸ் வாட்.

கெட்டில் மூடி துள்ளுவதைப் பார்த்து நீராவி இஞ்சினைக் கண்டுபிடித்தவர் என்றுதானே படித்திருக்கிறீர்கள்? அதை அழித்துவிடுங்கள். 1712-லேயே தாமஸ் நியூகோமன் என்பவரின் நீராவி இஞ்சின் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டது. அப்போது வாட் பிறக்கவே இல்லை.

அவர் பிறந்தது 1736-ல், ஸ்காட்லாந்தின் கிரீனாக் என்கிற துறைமுக ஊரில். நோஞ்சான் பிள்ளை. அடிக்கடி தலைவலி வந்து படுத்துவிடும். வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டத்தில் கலக்காத குழந்தை, அப்பாவின் பட்டறைச் சாமான்களோடு தனியாக விளையாடியது. வளர்ந்ததும் லண்டனில் ஒரு வருஷம் கருவி செய்யும் தொழில் கற்றுக்கொண்டு வந்தார். 1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது.

1763-ல் அங்கே ஒரு நியூகோமன் இஞ்சின் மாடல் ரிப்பேருக்கு வந்தது. வேறு யாராவது இருந்தால் ஒட்டுப்போட்டு அனுப்பியிருப்பார்கள். வாட், 'இது ஏன் இவ்வளவு நீராவியைக் குடிக்கிறது?' என்று அளக்க உட்கார்ந்துவிட்டார். விடை கிடைத்தது. நீராவியைக் குளிரவைக்க சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அதில் சிலிண்டரும் ஆறிப்போகிறது. அடுத்த தடவை அதைச் சூடாக்கவே முக்கால்வாசி நீராவி செலவாகிறது. ஒவ்வொரு தோசைக்கும் நடுவில் கல்லைக் கிணற்றில் முக்கி எடுத்தால் எப்படி? அந்தக் கதை. 1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டிருந்தபோது யோசனை பளிச்சிட்டது. நீராவியைத் தனியாக வேறொரு பாத்திரத்தில் குளிர வைத்தால் என்ன? சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்குமே!

மூளை வேலை முடிந்தது. இனி வியாபாரம். இங்கேதான் நம் ஆள் தடுமாறுகிறார்.

ஜான் ரோபக் என்கிற தொழிலதிபர் வாட்டின் ஆயிரம் பவுண்டு கடனை ஏற்றுக்கொண்டு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையை எடுத்துக்கொண்டார். 1769-ல் பேட்டன்ட்டும் கிடைத்தது. ஆனால் இஞ்சின்? நகரவில்லை. வாட்டுக்கோ குடும்பத்தைக் காப்பாற்றக் கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளக்கிற வேலை. அதிலும் கணக்குப் பார்ப்பது, கான்ட்ராக்டர்களோடு மல்லுக்கட்டுவது என்றால் அவருக்கு நடுக்கம். கணக்கைத் தீர்ப்பதற்கும் பேரம் பேசுவதற்கும் பதிலாகக் குண்டு நிரப்பிய பீரங்கியின் முன்னால் நிற்பதே மேல் என்கிற அர்த்தத்தில் கடிதம் எழுதியிருக்கிறார் மனிதர்!

1773-ல் இரண்டு இடிகள். ரோபக் திவாலானார். அதே வருஷம் வாட்டின் மனைவி மார்கரெட் இறந்துபோனார். கதை இங்கேயே முடிந்திருந்தால் ஜேம்ஸ் வாட் என்கிற பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரிந்திருக்காது.

இப்போது இன்னொருவர் உள்ளே வருகிறார். மாத்யூ போல்ட்டன். பர்மிங்ஹாம் பக்கத்தில் சோஹோ என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை. பித்தான், பக்கிள், வெள்ளிச் சாமான் என்று எதையும் செய்து எவருக்கும் விற்றுவிடுகிற ஜாலக்காரர். ராஜகுடும்பம் வரை பழக்கம். வாட்டுக்கு நேர் எதிர். முன்பு ரோபக் இவரிடம், 'மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் இஞ்சின் செய்யும் உரிமை தருகிறேன்' என்றபோது மறுத்துவிட்டார். மூன்று மாவட்டத்துக்குச் செய்வது கட்டுப்படியாகாது, உலகத்துக்கே செய்வதென்றால் சரி என்பது அவர் கட்சி. ரோபக் இவருக்கு 1,200 பவுண்டு கடன் வைத்திருந்தார். அந்தக் கடனுக்கு ஈடாக வாட்டின் பேட்டன்ட் பங்கு போல்ட்டன் கைக்கு வந்தது.

1774-ல் வாட் மூட்டை கட்டிக்கொண்டு பர்மிங்ஹாம் போனார். அடுத்த வருஷம் பேட்டன்ட்டை 1800 வரை நீட்டிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கூட்டு ஒப்பந்தமும் 25 வருஷத்துக்கு. செலவு போல்ட்டன் பொறுப்பு, மூளை வாட்டின் பொறுப்பு. 1776-ல் முதல் இஞ்சின்கள் ஓடின.

'ஓஹோ, பேசத் தெரிந்த ஒருவர் கிடைத்ததால் பிழைத்துக்கொண்டார்' என்கிறீர்களா? பாதி உண்மை. மீதிப் பாதிதான் ருசியானது. ஏனென்றால், வாட்டின் அந்தக் கணக்குப் புத்தியே இந்தக் கம்பெனியின் பெரிய விற்பனைத் தந்திரம் ஆனது.

எப்படி? அவர்கள் இஞ்சினை ஒரு விலை வைத்து விற்கவில்லை. பொருள், கட்டுமானச் செலவெல்லாம் வாங்குகிறவருடையது. வரைபடம், முக்கியமான சில பாகங்கள், மேற்பார்வை இவர்களுடையது. அப்புறம் ராயல்டி. பழைய நியூகோமன் இஞ்சினோடு ஒப்பிட்டு எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சமானால் கொடு, இல்லாவிட்டால் வேண்டாம். கார்ன்வால் பகுதிச் செம்புச் சுரங்கக்காரர்கள் உடனே வந்தார்கள். அங்கே நிலக்கரி கிடையாது, கப்பலில் வரவேண்டும். விலை எரியும். ஆளை மயக்கிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. எண்களே பேசின.

இஞ்சின் எத்தனை தடவை மேலும் கீழும் ஆடியது என்று எண்ண ஒரு கருவியைப் பொருத்தினார் வாட். அது ஒரு பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு. நம் வீட்டு ஈ.பி. மீட்டரின் கொள்ளுத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன். நேருக்கு நேர் வாக்குவாதம் செய்யப் பயந்தவர், வாக்குவாதத்துக்கே இடமில்லாமல் செய்யப் பார்த்தார்.

அப்புறம் ஆலைக்காரர்கள் கேட்டார்கள். அவர்களிடம் பழைய இஞ்சின் ஏது, ஒப்பிடுவதற்கு? குதிரைகள்தான் இருந்தன. சரி, குதிரையோடு ஒப்பிடலாம் என்று கணக்குப் போட்டார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கினால் ஒரு குதிரைசக்தி. சாதாரணக் குதிரை நாள் முழுக்க அப்படி உழைக்காது. அளவைத் தாராளமாகவே வைத்தார், வாங்கியவன் ஏமாந்தேன் என்று சொல்லிவிடக் கூடாதே! இன்றைக்கும் பம்ப்செட் வாங்கப் போனால், '5 எச்.பி.யா, 7.5 எச்.பி.யா?' என்றுதானே கேட்கிறார்கள்? பேரம் பேசத் தெரியாதவர் கொடுத்துவிட்டுப் போன பேரப் பாஷை அது.

ஆனால் பணம் வசூலிக்க எந்தக் கருவியும் உதவாது. இஞ்சின் ஓடும்வரை கும்பிட்டவர்கள், ராயல்டி கேட்டதும் முகத்தைத் திருப்பினார்கள். கார்ன்வாலிலிருந்து வாட் எழுதிய கடிதங்களில் புலம்பலே அதிகம். போல்ட்டனே நேரில் போய் உட்கார்ந்தார், பேசினார், சுரங்கங்களில் பங்குகூட வாங்கினார். இன்னொரு பக்கம் இஞ்சின் ராயல்டியையே ஈடு காட்டிக் கடன் வாங்கினார். வாட் பதறிப்போனார். ஒருவர் பயந்தாங்கொள்ளி, இன்னொருவர் அகலக்கால். ஆனாலும் 25 வருஷம் பிரியவில்லை. 1781-ல், 'சுரங்கத்தை விடு, ஆலைச் சக்கரத்தைச் சுற்று' என்று போல்ட்டன் துரத்தியிராவிட்டால் வாட் தண்ணீர் இறைப்பதோடு நின்றிருப்பார். வாட் கணக்கைச் சரிபார்த்திராவிட்டால் போல்ட்டன் என்ன ஆகியிருப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அதை மறைத்தால் சரித்திரம் ஆகாது. எதிலும் ஆபத்தையே முதலில் பார்க்கிற மனசு, ஒரு கட்டத்துக்கு மேல் பூட்டாகிவிடுகிறது. உயர் அழுத்த நீராவி பாய்லரை வெடித்துவிடும் என்று வாட் கடைசிவரை எதிர்த்தார். அவர்களிடம் வேலை பார்த்த வில்லியம் முர்டாக் 1784-ல் நீராவியில் ஓடும் குட்டி வண்டி மாடல் செய்து காட்டியபோது, ஊக்கம் கொடுக்கவில்லை. மாற்று இஞ்சின் செய்தவர்கள்மேல் வழக்குகள். 1799-ல் தீர்ப்பு இவர்கள் பக்கம்தான். ஆனால் 1800-ல் பேட்டன்ட் காலாவதியானது. நாலே வருஷத்தில், 1804-ல், ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் உயர் அழுத்த இஞ்சின் தண்டவாளத்தில் ஓடியது.

1800-ல் வாட் கம்பெனியை மகன்களிடம் விட்டு ஒதுங்கினார். அதற்குள் சுமார் 500 இஞ்சின்கள் போயிருந்தன. கையில் நல்ல சொத்து. ஓய்வில் என்ன செய்தார் தெரியுமா? வீட்டு மாடியறையில் ஒரு பட்டறை. சிலைகளை நகலெடுக்கும் மிஷின் ஒன்றைத் தனியாக உட்கார்ந்து குடைந்துகொண்டிருந்தார். 1819-ல் இறந்தார். அந்த அறையை அப்படியே பெயர்த்து லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆக, உங்கள் வீட்டில் நாலு பேர் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிற பிள்ளை ஒன்று இருக்கிறதா? தொழில் ஆரம்பிக்கிறேன் என்கிறதா? பேச்சுப் பயிற்சி வகுப்பைத் தேடி அலையாதீர்கள். 'எதை அளக்கப் போகிறாய்? யாரோடு சேரப் போகிறாய்?' இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அது கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். 1769-ல் பேட்டன்ட் வாங்கிய வாட் ஆறு வருஷம் காத்திருந்தது அதற்காகத்தான்.

2011-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு 50 பவுண்டு நோட்டு வெளியிட்டது. 2022 வரை செல்லுபடியானது. அதன் பின்பக்கத்தில் வாட் இருந்தார். பக்கத்திலேயே போல்ட்டன். ஒருவரை விட்டு ஒருவரை அச்சடிக்க அவர்களுக்கும் மனசு வரவில்லைபோல.