எங்கே அடக்கம் செய்வது? மயான உரிமையும் சட்டமும்

மரணம் நேர்ந்த வீட்டுக்கு முடிவெடுக்க ஓர் இரவுகூட முழுதாகக் கிடைப்பதில்லை. புதைப்பதா எரிப்பதா, எந்த மயானம் என்ற கேள்விகளுக்குப் பிறர் குடும்ப வழக்கத்தைக் கொண்டு விடை காண்கின்றனர். தலித் குடும்பத்தின் முன் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று நிற்கிறது: அந்தப் பாதையில் போக விடுவார்களா?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து தலித் ஒருவரின் உடல் கயிறு கட்டி இறக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. தனி மயானம் ஒதுக்குவதன் மூலம் அரசே பிரிவினையை ஊக்குவிப்பதாகத் தோன்றுகிறது என்றும் கருத்துத் தெரிவித்தது.

சட்டம் தரும் உரிமை

கண்ணியமாக வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு இறந்தவரின் உடலுக்கும் பொருந்தும் என்பதைப் பரமானந்த் கட்டாரா வழக்கில் (1995) உச்சநீதிமன்றம் ஏற்றுள்ளது. தீண்டாமையின் பெயரால் இடுகாட்டையோ சுடுகாட்டையோ பயன்படுத்த விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4இன் கீழ் குற்றம். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்.ஏ.) இதையே வன்கொடுமையாக வகைப்படுத்துகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். பிரிவு 18ஏ-இன்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் மீது பிரிவு 4 பாயும்.

நான்கு வழிகள்

முதலாவது, ஊராட்சியின் பொது மயானம். மயானம் அமைத்துப் பராமரிப்பது ஊராட்சியின் சட்டக் கடமை. பொதுப்பணத்தில் நடக்கும் மயானத்தில் எந்தச் சாதிக்கும் தனியுரிமை இல்லை. சாதிப் பெயர் தாங்கிய மயானப் பலகைகளை அகற்றி, அனைவருக்கும் பொதுவாக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் அறிவுறுத்தியது. சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையை மாநில அரசும் அதே ஆண்டில் அறிவித்தது.

இரண்டாவது, குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட தனி மயானம். பெரும்பாலான சிக்கல்கள் இங்கே நிலத்தில் இல்லை, பாதையில் உள்ளன. மயானம் புறம்போக்காக இருக்கும். வழி பிறருடைய பட்டா நிலத்தில் செல்லும். இத்தகைய பாதைக்காக நிலம் எடுக்க 1978ஆம் ஆண்டின் அரிசன நலத் திட்டங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகிறது.

மூன்றாவது, சொந்த நிலம். ஊராட்சி மயானங்களுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவு பெற்ற மயானம் அல்லாத இடத்தில் புதைக்க உரிய அனுமதி வேண்டும். வீடுகளுக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் புதைக்கத் தடை உண்டு. 2024 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கின் உடலைப் பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்யக் குடும்பம் கோரியபோது, ஞாயிற்றுக்கிழமை கூடிய உயர்நீதிமன்றம் குடியிருப்புப் பகுதி என்பதால் அதை ஏற்காமல், திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் அடக்கம் செய்ய அனுமதித்தது. இரவோடு இரவாகச் சொந்த நிலத்தில் புதைத்துவிட்டால், உடலைத் தோண்டி எடுக்கக் கோரும் வழக்குக்கு நாமே வழி செய்தவர்களாவோம்.

நான்காவது, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயக் கல்லறைத் தோட்டம். மதம் மாறியதால் சாதி மாறிவிடவில்லை என்பதற்குத் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் பிரிவினைச் சுவரே சாட்சி. சொந்த ஊரில் இடம் கேட்பதும் எளிதன்று. சத்தீஸ்கரில் மஹ்ரா சமூகக் கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் உடல் 2025 ஜனவரியில் சுமார் மூன்று வாரம் பிணவறையில் காத்திருந்தது. உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். இறுதியில் 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிறிஸ்தவ மயானத்துக்கே அந்த உடல் சென்றது.

தடை வந்தால்

வாய்மொழிப் பேச்சுவார்த்தையோடு நின்றுவிடக் கூடாது. இறந்தவர் பெயர், மயானத்தின் புல எண், பாதை, தடுப்பவர்களின் பெயர், நேரம் ஆகியவற்றை எழுதிக் காவல் நிலையத்திலும் வட்டாட்சியரிடமும் ஒரே நேரத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். பாதையை அடைத்திருப்பதைத் தேதியுடன் படமெடுக்க வேண்டும். பொதுப்பாதையிலுள்ள தடையை அகற்ற, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 152இன் கீழ் நிர்வாக நடுவர் ஆணையிடலாம். அதுவும் பயனளிக்காவிட்டால் உயர்நீதிமன்றத்தில் அவசர நீதிப்பேராணை மனு.

ஆனால் ஆணை கையிலிருப்பது மட்டும் போதாது. 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில் பொதுப்பாதையில் கொண்டுசெல்ல உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், காவல்துறையே உடலைக் கைப்பற்றி வேறு வழியில் கொண்டுபோய் அடக்கம் செய்தது. “அமைதி கருதி” மாற்றுப் பாதையை ஏற்கச் சொல்லும் அதிகாரியிடம் அதை எழுத்தில் தருமாறு கேளுங்கள். வேறு வழியின்றி ஏற்க நேர்ந்தால், எதிர்ப்பை எழுத்தில் பதிந்த பின்னரே உடலை எடுங்கள். அடக்கம் முடிந்ததால் குற்றம் முடிந்துவிடுவதில்லை. புகாரைத் தொடர வேண்டும்.

மரணத்துக்கு முன்பே

துக்க வீட்டில் நில ஆவணம் தேட இயலாது. எனவே இப்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டின் நகலையும் கிராம வரைபடத்தையும் பெறுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் மயானம் எந்தப் புல எண்ணில் உள்ளது, எவ்வளவு பரப்பு, அதில் ஆக்கிரமிப்பு உண்டா, பாதை பதிவாகியுள்ளதா என்று சரிபாருங்கள். குறையிருந்தால் கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஊருக்கு இரண்டு மாணவர்கள் இந்த வேலையை ஏற்றாலும் போதும். அடுத்த மரணத்தின்போது அந்தக் குடும்பம் பாடையோடு நடுவழியில் நிற்க நேராது.